பெண்கள் ஓடலாகாதா?

"ஓட்டமும் பாய்ச்சலும் பெண்களின் தேகத்துக்கு ஒவ்வா" என்று கூறுவோர் இன்றும் நம்மிடையே உளர். இக்கூற்று ஒரு காலத்தில் விளைத்த அநீதியை நாம் சற்று நோக்குவோம்.

1928இல் அம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவிலேயே மெய்வல்லுநர் போட்டிகளில் பெண்கள் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டனர். 800 மீற்றர் இறுதி ஓட்டத்தில் ஒன்பது பெண்கள் ஓடினர். ஒன்பதின்மரும் ஓடி முடித்தனர். ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் முதலிடம் பெற்றுப் புதிய உலக சாதனையை நிலைநாட்டினார். ஆனால், பெண்கள் பலர் ஓட முடியாது மயங்கி வீழ்ந்தனரெனச் சில பத்திரிகைகள் எழுதின. ஓடிக் களைத்த ஆடவன் புற்றரையிற் சாய்ந்தால் அது வீரம். பெண் சாய்ந்தால் அது பலவீனமாம்!

விளைவு யாது? அவ்வோட்டம் நீக்கப்பட்டது. 1960இல் உரோமாபுரி விழாவில் அது மீண்டும் இடம்பெறும்வரை, 200 மீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம் எதுவும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருக்கவில்லை. மரதன் ஓட்டத்துக்கோ 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1948இல் டங்கன் வைற் ஒலிம்பிக் பதக்கம் வென்றார். அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, 2000இல் சிட்னியில் 200 மீற்றர் ஓட்டத்தில் இலங்கைக்கு மீண்டும் பதக்கம் ஈட்டித் தந்தவர் சுசந்திகா ஜயசிங்க என்னும் பெண்மணியே.

"குமர்ப்பிள்ளைக்கு மைதானம் எதற்கு?" எனத் தடுக்கும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக. மகனுக்கு ஓட்டச் சப்பாத்து வாங்கும்போது மகளுக்கும் வாங்குங்கள். அவளால் ஓட முடியுமா என்பதை மைதானம் சொல்லட்டும். அதற்கு முன்னரே நாம் தீர்ப்பளித்தல் முறையன்று.