மக்காச்சோளத்தில் உளுந்து: யூரியா எப்போது குறையும்?

கேள்வி: மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் நான்கு வருடமாக மக்காச்சோளம்தான் போடுகிறேன். உரச்செலவு ஏறுகிறது, விளைச்சல் ஏறவில்லை. உளுந்தை ஊடுபயிராகப் போட்டால் யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாம், கார்பன் பணமும் வரும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், ஆத்தூர் வட்டம்

பதில்: உளுந்து போடுங்கள். ஆனால் இந்தப் போகத்திலேயே யூரியாவைப் பாதியாக்காதீர்கள். உளுந்தின் வேர்முடிச்சிலுள்ள ரைசோபியம் காற்றிலிருந்து பிடிக்கும் தழைச்சத்து, பெரும்பாலும் உளுந்துக்கே போய்விடும். வேரும் இலையும் மட்கிய பிறகு அடுத்த பயிருக்குத்தான் பலன். அப்போது மண் பரிசோதனை செய்து, அதன்படி உரத்தைக் குறையுங்கள்.

குறைப்பதில் நாட்டுக்கும் லாபம் உண்டு. இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து பரிந்துரை. ஒரு கிலோ தழைச்சத்து உரத்துக்குப் பின்னால் சுமார் ஒரு லிட்டர் டீசலின் எரிசக்தி இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை என்றால் 20 லிட்டருக்கு மேல். மானிய விலையில் வாங்குவதால் நமக்கு இது தெரிவதில்லை. இட்ட உரத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. இது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பமூட்டும்.

உங்கள் கைக்கு வரும் லாபம் உளுந்து விளைச்சலில் இருக்கிறது. 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு மக்காச்சோளம் ரூ.2,400, உளுந்து ரூ.7,800. ஒரு குவிண்டால் உளுந்து, மூன்றேகால் குவிண்டால் மக்காச்சோளத்துக்குச் சமம். அதில் விதைச் செலவையும் அறுவடைக் கூலியையும் கழித்துப் பாருங்கள்.

60 செ.மீ. இடைவெளியுள்ள மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே ஒரு வரிசை உளுந்து விதையுங்கள். ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். ரைசோபியம் 200 கிராமை ஆறிய கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்துங்கள். முக்கியமாக, அட்ரசின் களைக்கொல்லி அடிக்கவே கூடாது, உளுந்து கருகிவிடும். பதிலாகப் பெண்டிமெத்தலின் 30 சதம் மருந்தை ஏக்கருக்கு ஒரு லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, விதைத்த மூன்று நாளுக்குள் ஈர மண்ணில் தெளியுங்கள். அறுவடையில் செடியைப் பிடுங்காமல் அறுத்தெடுங்கள். வேர் மண்ணிலேயே இருக்கட்டும்.

கார்பன் பணத்தை நம்பிப் பயிர் வைக்காதீர்கள். யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால், எத்தனை வருடம், என்ன நிபந்தனை என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

முதலில் ஒரு ஏக்கரில் மட்டும் செய்து, மற்ற இரண்டு ஏக்கரின் வரவு செலவைத் தனியாக எழுதுங்கள். அடுத்த போகம் எப்படி என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.