பெயர்க் கதை: டேனர் என்றால் என்ன தெரியுமா?

பழைய டென்னிஸ் ரசிகர்களுக்கு ராஸ்கோ டேனரை நினைவிருக்கும். இடது கை ஆட்டக்காரர். சர்வீஸ் இடி மாதிரி இறங்கும். 1977 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். 1979 விம்பிள்டன் இறுதிப்போட்டியில் போர்க்கை ஐந்து செட் ஆட வைத்தார். இந்த வாரம் அவருடைய குடும்பப் பெயரைப் பார்ப்போம்.

டேனர் என்றால் தோல் பதனிடுபவர். அவ்வளவுதான்! அந்தக் கால இங்கிலாந்தில் ஓக் மரப்பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறவைத்து, அதில் மாதக்கணக்கில் தோலைப் போட்டு வைப்பார்கள். பட்டைக்கு ஆங்கிலத்தில் ‘பார்க்’. அதனால் அதே தொழில் செய்தவர்கள் பலருக்கு பார்க்கர் என்ற பெயரும் வந்தது. 1976 பிரெஞ்சு ஓபன் சாம்பியன் சூ பார்க்கர் பெயரில் இருப்பது இந்தப் பார்க்கர்தான். பேனாவில் வரும் பார்க்கர் வேறு!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இது புதிதல்ல. குரோம் வருவதற்கு முன் இங்கேயும் மரப்பட்டைதான். அங்கே ஓக், இங்கே ஆவாரம்பட்டை.

குழந்தை உணவு டப்பாவில் பார்க்கும் ‘கெர்பர்’ ஜெர்மன் மொழிப் பெயர். அரபியில் ‘தப்பாக்’. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே: தோல் பதனிடுபவர். உலகப் புகழ்பெற்ற கறுப்பின ஓவியர் ஹென்றி ஒஸாவா டேனருக்கும் (1859–1937) இதே பெயர்தான். அவருடைய அம்மா அடிமையாகப் பிறந்தவர்.

நாற்றம் அங்கேயும் இருந்தது. தோல் பட்டறைகளை ஊருக்கு வெளியே, ஆற்றோரமாகத்தான் வைத்தார்கள். ஆனாலும் பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரை மறைக்கவில்லை. இங்கே தோலைத் தொட்டவரையே ஊர் தள்ளி வைத்தது. தொழிலின் பெயர் வசவாக மாறியது.

நான் ஆம்பூர்ப் பிள்ளை. அப்பாவுக்கு டேனரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘கம்பெனி வேலை’ என்றே எழுதுவேன். அப்பா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போடுவார். என் ஃபீஸ் கட்டியது அந்த வேலைதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் இனிஷியலுக்குப் பின்னால் ஒரு தோல் தொழிலாளி இருக்கிறார். இனி எந்த விண்ணப்பத்திலும் அதை அப்படியே எழுதுவேன்.

உங்கள் இனிஷியலுக்குப் பின்னால் என்ன தொழில் இருக்கிறது? இன்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.