புதிய முறைவழியாக்கியும் பழைய தாய்ப்பலகையும்

கணினியைப் பாவிக்கும் நம்மவரிடையே ஒரு முறைப்பாடு பலகாலும் எழுகின்றது. புரொசெசர் எனப்படும் முறைவழியாக்கியை மாத்திரம் மாற்றக் கருதிக் கடைக்குச் செல்பவர், மதர்போட் எனப்படும் தாய்ப்பலகையையும், சிலவேளை நினைவகத்தையுங்கூடச் சேர்த்து வாங்க வேண்டியவராகின்றார். இஃது உற்பத்தியாளரின் தந்திரமே என்பர் ஒருசாரார். விஞ்ஞான வளர்ச்சியின் நியதி என்பர் மற்றொருசாரார். இவ்விரு கூற்றினுள் எதுவும் முழு உண்மையன்று என்பதும், எது தேவை, எது கம்பனியின் விருப்பம் எனப் பகுத்து வினாவுதல் வாங்குவோர் கடன் என்பதும் எமது கருத்தாகும்.

தாய்ப்பலகை என்பது முறைவழியாக்கி அமர்வதற்கு இட்ட வெறும் ஆசனம் அன்று. அதற்கு வேண்டிய மின்வலுவை அளந்து கொடுப்பதும், நினைவகத்தோடும் ஏனைய உறுப்புக்களோடும் அதனைத் தொடுப்பதும் அப்பலகையே. சொக்கெற் எனப்படும் குதையிலுள்ள தொடுமுனைகளுட் சில மின்னைக் கொணர்வன. சில தரவைக் கொண்டுசெல்வன. நிலைமொழியும் வருமொழியும் இயல்பாய்ப் பொருந்தாவிடின் ஓரெழுத்தைத் தோற்றியோ திரித்தோ கெடுத்தோ புணர்த்திவிடுகின்றோம். யந்திரத்திலே அவ்வாறு விகாரப்படுத்தற்கு இடம் மிகச் சிறிது. மின் வரவேண்டிய முனையிலே தரவு வருமாயின் கருவி இயங்காது, பழுதடைதலுங் கூடும்.

முன்னாளிலே நினைவகத்தை ஆளும் பகுதி தாய்ப்பலகையிலுள்ள வேறொரு சில்லிலே இருந்தது. 2003ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. கம்பனி தனது அத்லோன் 64 முறைவழியாக்கியினுள்ளே அதனை அமைத்தது. 2008இல் இன்ரெல் கம்பனியும் அவ்வழிச் சென்றது. இதனால் வேகம் பெருகிற்று. ஆயின் நினைவகத்தின் இணைப்புக்கள் முறைவழியாக்கியின் முனைகளை நேரே வந்தடைந்தமையால், நினைவகத்தின் வகை மாறுங்காற் குதையும் மாறவேண்டிய நிலை பெரும்பாலும் உண்டாயிற்று. ஏ.எம். 4 என்னுங் குதை 1331 ஊசிகளுக்கு உரியது. 2022இல் வந்த ஏ.எம். 5 குதையிலே 1718 தொடுமுனைகள் உள்ளன. முன்னையது 1.2 வோல்ற்றில் இயங்கும் டி.டி.ஆர். 4 நினைவகத்தையும், பின்னையது 1.1 வோல்ற்றில் இயங்கும் டி.டி.ஆர். 5 நினைவகத்தையும் ஏற்பன. ஒன்றை மற்றொன்றின் இடத்திற் செருகவும் இயலாது. இத்தகைய மாற்றத்தைத் தந்திரம் எனப் பழித்தல் நீதியாகாது.

எனினும் எல்லா மாற்றமும் இத்தகையன அல்ல. 2015இல் இன்ரெல் வெளியிட்ட 6ஆம் தலைமுறை முறைவழியாக்கிகளும், 2017 சனவரியில் வந்த 7ஆம் தலைமுறையும் 1151 தொடுமுனை கொண்ட ஒரே குதையிற் பொருந்தின. அவ்வாண்டு ஒற்றோபரில் வந்த 8ஆம் தலைமுறையும் அதே 1151 முனைகளைக் கொண்டதே. நினைவக வகையும் மாறவில்லை. ஆயினும் அதற்குப் புதிய தாய்ப்பலகை வேண்டும் என இன்ரெல் விதித்தது. நான்காயிருந்த கருக்கள் ஆறாயினமையின் மின்வழங்கல் மாறவேண்டியதாயிற்று என்பது கூறப்பட்ட காரணம். சில முனைகளின் தொழில் மாறியதும் மெய்யே. ஆனால், ஆர்வலர் சிலர் பயோஸ் என்னுந் தொடக்க நிகழ்நிரலைத் திருத்தி, அம்முறைவழியாக்கிகளைப் பழைய பலகைகளிலே இயக்கிக் காட்டினர். ஆகவே, தடை முழுவதும் இயற்கையின்பாற்பட்டதன்று என்பது தெளிவாயிற்று.

இதனினும் சிறந்த சான்று ஒன்றுண்டு. 2020 மே மாதத்தில் ஏ.எம்.டி. கம்பனி, தனது அடுத்த முறைவழியாக்கிகள் 500 வரிசைப் பலகைகளில் மாத்திரமே இயங்கும் என அறிவித்தது. பழைய பலகைகளிலே பயோசைத் தாங்கும் சில்லின் கொள்ளளவு போதாது என்பது அதன் நியாயம். பாவனையாளர் பெருங்குரல் எழுப்பினர். அம்மாதம் முடியுமுன்னரே 400 வரிசைப் பலகைகளுக்கும் இடமளிக்க அக்கம்பனி உடன்பட்டது. 2022இல் 300 வரிசைக்கும் அவ்வழி திறந்தது. எனவே, 2017இல் ஒரு பலகையை வாங்கியோர் பலர், ஐந்தாண்டு கழித்து வந்த முறைவழியாக்கியை அதிலேயே பொருத்த முடிந்தது. கேட்டவர்க்கே கிடைத்தது என்பதை ஈண்டு நோக்குக.

பழையதைத் தாங்குதல் செலவற்ற காரியமன்று என்பதையும் மறுக்கின்றிலேம். ஒவ்வொரு பலகையையும் ஒவ்வொரு புதிய முறைவழியாக்கியோடும் வைத்துச் சோதித்தல் வேண்டும். மலிவாய்ச் செய்த பலகை, வலுமிக்க முறைவழியாக்கிக்கு வேண்டிய மின்னைத் தாங்காது வெப்பமுறும். ஆகையால், என்றென்றும் ஒரே குதை இருத்தல் வேண்டும் என யாம் வாதிக்கவில்லை. குதையின் ஆயுள் எத்துணை ஆண்டு என்பதை விற்கும்போதே கூறுக என்பதே எமது வேண்டுகோள். அது செய்யக்கூடியதே. ஏ.எம். 5 குதையை 2025 வரையேனும் பேணுவதாக முதலிலும், 2027 வரையேனும் பேணுவதாக 2024இலும் ஏ.எம்.டி. அறிவித்தது. இன்ரெலின் 1700 முனைக் குதையோ 2021இல் வந்து, 2024இல் 1851 முனைக் குதைக்கு இடங்கொடுத்தது.

இவ்விடயம் பழைய மாணவராகிய நமக்கு ஏன் வேண்டும் எனச் சிலர் வினாவக்கூடும். விழாக்காலத்திலே கல்லூரிக்குக் கணினிகளை வழங்குதல் இன்று பழைய மாணவர் சங்கங்களின் வழக்கமாகிவிட்டது. கடல் கடந்து உழைப்போர் அனுப்பும் பணமும் அதிற் சேர்கின்றது. இருபது கணினிகளை வாங்குங்கால் விலையை மாத்திரம் நோக்கி, வழக்கொழியுந் தறுவாயிலுள்ள குதையைத் தெரிவோமாயின், பின்னொருநாள் முறைவழியாக்கியை மாற்ற விழைவோர் இருபது பலகைகளையும் கழிக்க நேரும். அப்பலகைகள் ஈயமும் பிற நச்சுப்பொருளும் கலந்த குப்பையாய் நம் மண்ணிலேயே கிடக்கும்.

ஆதலின், கொடைக்கு முன் மூன்று வினாக்கள் கேட்கப்படல் வேண்டும். இக்குதை இன்னும் எத்துணை ஆண்டு பேணப்படும்? இப்பலகை ஏற்கும் முறைவழியாக்கிகள் எவை என்ற பட்டியல் எங்கே? முறைவழியாக்கியை மாற்றாது, நினைவகத்தைக் கூட்டியோ பழைய வட்டைத் திண்மநிலை வட்டாக மாற்றியோ நமது தேவையை நிறைவு செய்யலாகாதா? கட்டுரை தட்டெழுதவும் நிகழ்நிரலாக்கம் பயிலவும் மாணாக்கருக்கு மூன்றாவது வழியே பலவேளைகளிற் போதுமானது. மூன்றுக்கும் விடை பெற்ற பின்னரே பணப்பையை அவிழ்ப்போமாக.