68 நிமிடமும் ஆண்டார்குப்பம் சந்திப்பும்

மணலி புதுநகரிலிருந்து நகரத்து மையம் ஒன்றுக்குக் காலியம் ஸ்கேன் எடுக்கச் சென்ற நோயாளி ஒருவர், ஆண்டார்குப்பம் சந்திப்பில் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கி, ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். மருந்தின் வீரியம் போய்விட்டது, வேறொரு நாள் வாருங்கள் என்று அவரைத் திருப்பியனுப்பினர். குடும்பத்தார் அதனை அலட்சியம் என்றே எண்ணினர். அலட்சியம் அன்று, ஆயினும் தவிர்த்திருக்கக்கூடியது என்பதே எங்கள் கருத்து.

அம்மருந்து அலமாரியிலிருந்து எடுத்துத் தரும் பொருளன்று. காலியம்-68 என்னும் கதிரியக்கத் தனிமம் 68 நிமிடங்களில் பாதியாகிவிடும். ஒன்றரை மணி நேரத்தில் எஞ்சுவது ஐந்தில் இரண்டு பங்கே. ஜெர்மானியம்-68 அடங்கிய ஜெனரேட்டரிலிருந்து, பால் கறப்பதுபோல் அன்றன்று அதனை எடுத்து, டோட்டாடேட் என்னும் சிறிய பெப்டைடுடன் இணைத்து, தரம் பார்த்த பின்னரே ஊசியாகச் செலுத்துகின்றனர்.

அந்தப் பெப்டைடு, நம் உடலிலேயே சுரக்கும் சோமாடோஸ்டாடின் ஹார்மோனின் சாயலில் அமைந்தது. நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் பெரும்பாலானவற்றில் அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மிகுந்திருக்கும். பெப்டைடு அவற்றில் சென்று ஒட்டிக்கொள்ள, காலியம் அவ்விடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. நடிகர் இர்ஃபான் கான் தமக்கிருப்பதாக 2018 மார்ச்சில் அறிவித்தது இவ்வகை நோயே. மெதுவாக வளரும் இக்கட்டிகளை, சர்க்கரைப் பொருளைக் கொண்டு எடுக்கும் வழக்கமான பெட் ஸ்கேன் தவறவிடக்கூடும். "ஏற்கெனவே ஒரு பெட் எடுத்தாயிற்றே, மறுபடியும் எதற்கு?" என்று கேட்போருக்கு இதுவே விடை.

படத்தோடு காரியம் முடிவதில்லை. ஏற்பிகள் போதிய அளவில் தென்பட்டால், அதே பெப்டைடில் லுட்டீசியம்-177 ஏற்றிச் சிகிச்சை அளிக்க வழியுண்டு. மும்பை டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் அத்தனிமம் உற்பத்தியாகிறது. ஆகவே ஸ்கேன் தள்ளிப்போவது சிறு இழப்பன்று.

ஆலைப் புகையின் நடுவே வாழும் எம் பகுதி மக்கள், "இது இன்னொரு நஞ்சா?" என்று அஞ்சுவதில் வியப்பில்லை. செலுத்தப்படும் அளவு சிறிது. பன்னிரண்டு மணி நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எஞ்சுவதில்லை. கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். இன்னொன்று: படத்தில் மண்ணீரலும் சிறுநீரகங்களும் பளிச்சென்று ஒளிரும். அது இயல்பே. அதைக் கண்டு நோய் பரவிவிட்டதென அழுதவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

நேரம் குறிக்கும் மையங்கள், நோயாளி எங்கிருந்து வருகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் வருவோருக்கு, அண்ணா நகரிலிருந்து வருவோருக்குரிய கணக்கு பொருந்தாது. மருந்தைத் தயாரிக்கத் தொடங்குமுன் ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவே நாங்கள் கேட்பது.

குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்வோம். ஆக்ட்ரியோடைடு ஊசி போட்டுக்கொள்பவராயின், ஸ்கேனுக்காக அதனை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். தாமாக நிறுத்த வேண்டா. வழியில் லாரிகள் நின்றுவிட்டால், போய்ச் சேர்ந்தபின் விளக்கிக்கொள்ளலாம் என்றிராமல், அங்கிருந்தே அழையுங்கள். அருகில் காத்திருக்கும் வேறொருவரை முன்னே அழைத்துக்கொள்ள அவர்களுக்கு இயலக்கூடும்.