கைக்கோடாரிக்கு நீள அகலம் போதாது

கற்கருவிகளின் வடிவ ஆய்வுக்குப் புதிதாக வருபவர் கல்லூரிக் கணினியில் இருக்கும் பொதுப் புள்ளியியல் மென்பொருளையே கற்கட்டும், ‘ஆர்’ மொழி நிரல் எழுதுபவர்களுக்கானது என்கிறார்கள். ஆவடி, அம்பத்தூர் மாணவர்களின் கையைக் கட்டிப்போடும் அறிவுரை இது.

அவர்கள் போய்வரும் தொலைவில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த இடம். அங்குள்ள கற்கருவிகளின் காலம் 15 லட்சம் ஆண்டு வரை செல்கிறது என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் நிறுவினார்கள். அத்தகைய இரண்டு கைக்கோடாரிகளின் நீளமும் அகலமும் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்று அடியில் பருத்திருக்கும், மற்றொன்று நடுவில். நீள அகல அட்டவணைக்கு இரண்டும் ஒன்றுதான்! வேறுபாட்டைச் சொல்வது விளிம்பின் வளைவு. அதில் புள்ளிகள் இட்டு, அளவு, இடம், திசை ஆகியவற்றை நீக்கிய பிறகே வடிவம் மிஞ்சும். இதுதான் புரோக்ரஸ்டீஸ் முறை.

இதற்கென உள்ள, சொடுக்கிச் செய்யும் ‘மார்ஃபோஜே’ மென்பொருள் இலவசம், எளிது, நல்லது. ஆனால் விளிம்பின் வளைவில் நகர்த்திப் பொருத்த வேண்டிய புள்ளிகளை அது கையாளாது. ‘ஆர்’ மொழியின் ‘ஜியோமார்ஃப்’ தொகுப்பு கையாளும். அதுவும் இலவசம். எழுதிய வரிகள் அப்படியே ஆய்வின் பதிவாகவும் நிற்கும். வழிகாட்டி கேட்டால் ஒவ்வொரு படியையும் காட்டலாம்.

நிரல் கடினம் என்பது முதல் சில வாரங்களின் உண்மை மட்டுமே. ஆசிரியர்களே, அந்த வாரங்களை மாணவர்களுக்குக் கொடுங்கள். பூண்டி அருங்காட்சியகத்தில் அனுமதி பெற்றுக் கற்கருவிகளைப் படமெடுக்க அனுப்புங்கள்.