அழுகும் பழமும் அழுகும் வேரும்
பதுளைச் சந்தையிலே விலைபோகாத பழங்கள் குப்பைக்குச் செல்கின்றன. வெலிமடைக் கமக்காரரோ போஞ்சி, தக்காளி நாற்றழுகலுக்குக் கடன்பட்டு மருந்து வாங்குகின்றனர்! பழத்தோலை நறுக்கித் தவிட்டோடு பிசைந்து, நீர் சொட்டாத ஈரத்தில் ஆவியில் அவித்து, ஆறியபின் ‘டிரைக்கோடெர்மா’ என்னும் பங்கசின் வித்தைக் கலந்தால், பத்து நாளிற் பச்சை படரும். கூட்டெருவோடு மண்ணில் இட்டால், வேரை அழுக்கும் பங்கசுகளை அது அடக்கும். முற்றிய நோய்க்கு இது மருந்தன்று; வருமுன் காவல்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரிற் பின்வாங்கிய அரசு, மாற்றுவழியை முதலிற் கொடுத்ததா? பதுளையிலேயே உள்ள ஊவா வெல்லச பல்கலைக்கழகம் தூய வித்தை வழங்கட்டும். தோட்டப் பெண்கள் கூட்டுறவாக அதைப் பெருக்கி விற்கட்டும் என்கிறோம். கொட்டில் போட ஒரு துண்டு நிலம் வேண்டும். ஏறத்தாழ இருநூறு ஆண்டு உழைத்த மக்கள் அதையும் தோட்ட நிர்வாகத்திடம் கெஞ்சித்தான் பெறவேண்டுமா?