இரண்டு நண்பர்களும் ஒன்ராறியோக் கரடியும்

கரடியைக் கண்டால் மரத்தில் ஏறு, ஏறத் தெரியாவிட்டால் மூச்சை அடக்கிப் பிணம்போலக் கிட. பள்ளிக்கூடத்தில் இரண்டு நண்பர்கள் கதை படித்த நமக்குக் கரடியைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் கறுப்புக் கரடியிடம் இரண்டும் எடுபடாது. மரம் ஏறுவதில் அது நம்மை வென்றுவிடும். இரையாக நினைத்து நெருங்கும் கறுப்புக் கரடியின் முன் செத்தவன்போலக் கிடப்பது, இலை போட்டுச் சோறு பரிமாறி வைப்பதுபோல.

நோர்பரியில் இருப்பவளுக்குக் கரடியைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். இங்கே லண்டன் றோட்டுப் பக்கம் இரவில் குப்பைப் பையைக் கிழிப்பது நரிதான். பிரித்தானியக் காடுகளில் கரடி அற்றுப்போய்ப் பல நூற்றாண்டுகள். ஆனால் நம்மில் எத்தனையோ பேருக்கு ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஓர் அண்ணன், ஒரு மச்சாள் உண்டு. ஓகஸ்ட் விடுமுறைக்குப் போய் இறங்கினால், களைப்புத் தீருமுன் வான் வண்டியில் ஏற்றி அல்கொன்குவின் பூங்காவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பாதிக் குடும்பங்கள் கூடாரத்தில், வசதியுள்ளவர்கள் டிரெய்லரில்.

கரடி மனிதரைக் கொல்வது அரிது. நடக்காததும் அல்ல. அதே அல்கொன்குவினில் 1978இல் மீன்பிடிக்கப் போன மூன்று சிறுவர்களும், 1991 ஒக்ரோபரில் ஒப்பியோங்கோ ஏரியின் பேற்ஸ் தீவில் முகாமிட்ட இருவரும் கறுப்புக் கரடியால் கொல்லப்பட்டார்கள். ஆனால் முகாமுக்கு வரும் கரடிகளில் அநேகமானவை ஆளைத் தேடி வருவதில்லை. சட்டியைத் தேடி வருகின்றன.

அங்கேதான் நம்மவர் கதை தொடங்குகிறது. பக்கத்து முகாமில் வெள்ளைக்காரக் குடும்பம் நாலு சொசேஜைச் சுட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிடும். நமக்கோ ஆட்டிறைச்சிக் கறி, கணவாய்ப் பிரட்டல், விடிந்தால் இடியப்பமும் சொதியும். கரடிக்கு மோப்பம் நாயைவிடக் கூர்மை. அத்தோடு கோடை முடியும் நேரம் அது குளிர்காலத்துக்குக் கொழுப்புச் சேர்க்கத் தொடங்கி, நாளொன்றுக்கு 20,000 கலோரி வரைகூடத் தின்னும். நாம் போவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான்.

இரவு பதினொரு மணிக்கு நம் முகாமைப் பாருங்கள். ஆண்கள் லாந்தர் வெளிச்சத்தில் 304 சீட்டு விளையாடுகிறார்கள். மேசையில் மூடி சரிந்த கறிச்சட்டி, அடியில் உறைந்த எண்ணெய். எலும்பை நெருப்புக்குழியில் போட்டாயிற்று, எரிந்துவிடும் என்ற நம்பிக்கையில். எலும்பு முழுதாக எரியாது, மணம்தான் பரவும். சட்டி கழுவிய தண்ணீரைக் கூடாரத்துக்குப் பின்னால் ஊற்றியாயிற்று. கூடாரத்துக்குள் பிள்ளையின் தலைமாட்டில் பிஸ்கட் பக்கற்.

மணக்கும் எதுவும் வெளியே இருக்கக் கூடாது. கூலர் பெட்டி, அடுப்பு, குப்பை மட்டுமல்ல, பற்பசை, ஷாம்பூ, பால்போத்தல், நாயின் கிண்ணம், சமைத்தபோது உடுத்த உடுப்பு எல்லாம் காருக்குள் போக வேண்டும். காரைப் பூட்டவும் வேண்டும்; கைபிடியை இழுத்துக் கதவு திறக்கக் கற்ற கரடிகள் உண்டு. காரே போகாத ஏரிக்கரை என்றால் நாலு மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து இரண்டு மீற்றர் தள்ளிக் கட்டித் தொங்கவிடுங்கள்.

டிரெய்லர்காரருக்கு ஒரு மிதப்பு. சுவர் கெட்டிதான், ஆனால் வெய்யில் மறைப்பின் கீழ் அவர்கள் விட்டுப்போன பாபிகியூ அடுப்பைத் தேடி வரும் கரடி, அடுத்துப் போய் முகர்வது பக்கத்துக் கூடாரத்தை. மடித்து விரிக்கும் துணி டிரெய்லரோ கூடாரத்தில்தான் சேர்த்தி. கனடாவின் மேற்கே பான்ஃப் பூங்காவின் லேக் லூயிஸில் கூடாரங்களையும் துணி டிரெய்லர்களையும் மின்வேலிக்குள் வைத்திருக்கிறார்கள். கெட்டிச் சுவர் டிரெய்லர்களுக்கு வேறு இடம். அங்கே கறுப்புக் கரடியோடு கிறிஸ்லி என்ற பழுப்புக் கரடியும் உண்டு. திடீரென எதிர்ப்பட்டுப் பாயும் கிறிஸ்லியிடம் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கைகளால் மூடிக் கிடப்பது உதவும். நம் பள்ளிக்கூடக் கதைக்கு மிக நெருங்கி வருவது அது ஒன்றுதான். கறுப்புக் கரடி என்றால் ஓடாமல், பிள்ளைகளை நடுவில் விட்டுக் கூட்டமாக நின்று, கையை உயர்த்திச் சத்தம் போட்டு, அது விலகிப் போக வழி விட வேண்டும். பாய்ந்துவிட்டால் அகப்பையானாலும் எடுத்து முகத்தில் அடியுங்கள். இரவில் கூடாரத்தைக் கிழித்து நுழைவது எந்தக் கரடியானாலும் அதே பதில்தான்.

கரடி ஸ்பிறேயை லண்டனிலிருந்து கொண்டுபோக நினைக்காதீர்கள். 1968ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டப்படி இங்கே அதை வைத்திருப்பதே குற்றம், விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். கனடாவில் வாங்கலாம். சில மீற்றர் தூரத்தில் நெருங்கும் கரடியின் முகத்துக்கு அடிப்பதற்கானது அது. கூடாரத்தைச் சுற்றித் தெளிக்கும் நுளம்பு மருந்தல்ல.

ஊரில், வன்னியில் பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போனவர்களின் பயம் வேறு. அந்தக் கரடி சட்டியைத் தேடி வராது. பற்றைக்குள் எதிர்பாராமல் முட்டுப்பட்டால் முகத்தைக் கிழித்துவிடும். அங்கே கரடியின் வீட்டுக்கு நாம் போனோம். கனடாவில் நாமே அதைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறோம். மனிதச் சோற்றில் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட்டுவிடுவார்கள்.

அண்ணனிடம் இந்தமுறை சொல்லிவிட்டேன். சட்டி கழுவி, கூலர் காருக்குள் போய், கதவு பூட்டின பிறகுதான் சீட்டுக்கட்டைப் பிரிக்கலாம். மச்சாள் பகல் முழுக்கச் சமைத்தவள், அவள் கழுவமாட்டாள். கழுவுவது 304 விளையாடுகிற நாலு பேரும்.